ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சமிருக்கும்போதே வீரர் போய்விடுகிறார்

கேள்வி: பெரிய கால்பந்து கிளப்புகளில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கணக்கர்கள் இருக்கிறார்கள், இதற்கென்றே சம்பளம் வாங்கும் இயக்குநர்களும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் தங்களுடைய சிறந்த வீரரை ஒரு காசு வாங்காமலோ பாதி விலைக்கோ போட்டி அணிக்கு விட்டுவிடுகிறார்களே, அது எப்படி? பணம் போதவில்லை என்பதுதான் காரணமா?

பணமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல வருடங்களாக இந்த விஷயத்தைக் கவனித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் காரணம் அது இல்லை. இப்படி நடந்த கதைகளில் பலவற்றில் கிளப்பிடம் பணம் இருந்தது. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில்தான் எடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மிச்சம் இருக்கும்போது உட்கார்ந்து பேச வேண்டியதை ஆறு மாதம் மிச்சம் இருக்கும்போது பேசினார்கள். அதற்குள் பேரம் பேசும் பலம் மொத்தமும் வீரர் பக்கம் போய்விட்டது.

இது புரிய, விதிகள் கொஞ்சம் தெரிய வேண்டும். 1995 வரை ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கூட நினைத்த இடத்துக்குப் போய்விட முடியாது. புதிய கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கொடுத்தால்தான் விடுவார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மான், 1990-இல் ஒப்பந்தம் முடிந்ததும் பிரான்ஸின் டன்கெர்க் கிளப்புக்குப் போகப் பார்த்தார். முடியவில்லை. வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் சுதந்திரமானவர், பழைய கிளப் பணம் கேட்க முடியாது என்பது அன்றிலிருந்துதான் வந்தது. அதன் பலனை அனுபவித்தவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். வழக்கு நடந்த ஐந்து வருடங்களில் போஸ்மானின் ஆட்ட வாழ்க்கை கரைந்துபோனது. அவர் பெயரைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு விதியும் முக்கியம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு வீரர் வேறு கிளப்போடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ள ஃபிஃபா விதிகள் இடம் தருகின்றன. ஐரோப்பாவில் ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30 அன்று முடியும். ஆகவே ஜனவரி 1 வந்துவிட்டால் ஆள் கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

முதல் அடி விழுந்தது நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்கு. 1995 மே மாதம், ஐரோப்பாவின் சிறந்த கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் இத்தாலியின் ஏ.சி. மிலனை 1-0 என்று வென்ற அணி அது. கோல் அடித்தவர் 18 வயது பேட்ரிக் க்ளைவர்ட். அடுத்த இரண்டு வருடங்களில் எட்கர் டாவிட்ஸ், மிகேல் ரைசிகர், வின்ஸ்டன் போகார்ட், அப்புறம் அந்த க்ளைவர்ட்டும் ஒப்பந்தம் முடிந்து போனார்கள். நான்கு பேரும் போனது அதே மிலனுக்கு. அயாக்ஸுக்கு ஒரு காசு வரவில்லை. அயாக்ஸைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் விதி ஒரே நாளில் மாறியது. ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் ஓடிவிட்டன. இன்னும் அதே மாதிரி இழக்கிறவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீரரின் மதிப்பு 6 கோடி யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் நான்கு வருடம் இருந்தால், வாங்க வருகிறவர் ஏறக்குறைய அந்தத் தொகையைத்தான் பேச வேண்டும். ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால், அடுத்த கோடையில் சும்மாவே கிடைப்பார் என்று தெரிந்துகொண்டுதான் பேச வருவார். பாதி கிடைத்தாலே பெரிது. ஒப்பந்தம் முடிந்தால் பூஜ்யம். ஆனால் அந்த 6 கோடி எங்கும் மறைந்துபோகவில்லை. புதிய கிளப் மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பங்கு, கையெழுத்துப் போடுவதற்கென்றே தரும் சைனிங் போனஸாகவும் உயர்ந்த சம்பளமாகவும் வீரருக்குப் போகிறது, இன்னொரு பங்கு கமிஷனாக ஏஜென்ட்டுக்குப் போகிறது. கையெழுத்துப் போடாமல் கழிகிற ஒவ்வொரு மாதமும் கிளப்பின் சொத்திலிருந்து ஒரு பகுதி வீரரின் பைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு இது நன்றாகத் தெரியும். "அவசரம் இல்லை, சீசன் முடியட்டும், பேசலாம்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வது இதனால்தான்.

அப்படியானால் வீரர் எதற்காக முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேதான் கிளப்பிடம் ஒரு சீட்டு இருக்கிறது. வீரருக்கு ஒரு பயம் உண்டு, காயம். முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் ஒரு வருடம் போய்விடும், பழைய வேகம் திரும்பாமலும் போகலாம். நாளைக்கே கால் உடைந்தாலும் ஐந்து வருடச் சம்பளம் உறுதி என்று கிளப்பால் சொல்ல முடியும். 22 வயதில், இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் கையில் இருக்கும்போது அந்த உறுதிக்கு மதிப்பு மிக அதிகம். ஒப்பந்தம் முடிய எட்டு மாதம்தான் இருக்கிறது, மூன்று பெரிய கிளப்புகள் காத்திருக்கின்றன என்ற நிலையில் அதே உறுதிக்கு மதிப்பே இல்லை. கிளப்பிடம் விற்க இருக்கும் ஒரே சரக்கு பாதுகாப்பு. அதை விலை போகும் காலத்தில் விற்காமல் வைத்திருப்பதுதான் நான் சொல்லும் முதல் தவறு.

இந்தத் தவறை ஆர்சனல் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்த பெரிய கிளப் இங்கிலாந்தில் இல்லை என்றே சொல்வேன். 2011 கோடையில் சமீர் நஸ்ரி, கேல் கிளிஷி இருவருக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம். இருவரும் மான்செஸ்டர் சிட்டிக்கு விற்கப்பட்டார்கள். அடுத்த வருடம் கேப்டன் ராபின் வான் பெர்சி. 2011-12 சீசனில் லீக்கில் 30 கோல் அடித்து முதலிடம் பிடித்தவர். அவருக்கும் ஒரு வருடம்தான் மிச்சம். 2012 ஜூலை 4 அன்று, ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று தன் இணையதளத்தில் அறிக்கை விட்டார். அதற்குமேல் ஆர்சனல் என்ன செய்ய முடியும்? விற்றால் கொஞ்சம் பணம், வைத்திருந்தால் அடுத்த வருடம் பூஜ்யம். 2 கோடி 40 லட்சம் பவுண்டுக்கு நேரடிப் போட்டியாளரான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போனார். அங்கே 26 லீக் கோல். 2013 ஏப்ரலில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக அவர் அடித்த ஹாட்ரிக்கில் யுனைடெட் பட்டத்தை உறுதி செய்தது. அடுத்த ஆட்டம் ஆர்சனல் மைதானத்தில். சாம்பியனுக்குத் தரும் மரியாதைக்காக ஆர்சனல் வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்ட, நடுவே தங்கள் முன்னாள் கேப்டன் நடந்து போனார். அந்த ஆட்டத்திலும் பெனால்டியில் ஒரு கோல் போட்டார். தவறான ஒப்பந்த நிர்வாகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்தக் காட்சியைத்தான் காட்டுவேன்.

அதிலிருந்தாவது பாடம் கற்றார்களா என்றால், ஐந்து வருடம் கழித்து இன்னும் மோசமாக நடந்தது. 2017 கோடையில் அலெக்ஸிஸ் சான்செஸ், மெசூட் ஓசில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கடைசி வருடம். ஒருவருடைய ஒப்பந்தம் முடியும் நிலையில் இருந்தாலே தலைவலி. இரண்டு பெரிய ஆட்களுக்கும் சேர்ந்து வந்தால், ஒருவரைக் கட்டாயம் பிடித்துவைத்தே ஆக வேண்டும் என்று ஊருக்கே தெரிந்துவிடும். சான்செஸை மான்செஸ்டர் சிட்டி சுமார் 6 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக இருந்தது. பதிலுக்கு மொனாக்கோவிலிருந்து தோமா லெமாரைக் கொண்டுவர முடியாததால் கடைசி நாளில் அது முறிந்தது. ஐந்து மாதம் கழித்து, 2018 ஜனவரியில், பணமே கைமாறாமல், யுனைடெட் வீரர் மிகிதாரியனுக்கு ஈடாக அவர் யுனைடெட்டுக்குப் போனார்.

சரி, இரண்டாவது ஆளையாவது காப்பாற்ற வேண்டுமே. அடுத்த சில நாட்களில் ஓசிலுக்கு வாரம் சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட் என்று அன்று செய்திகள் சொன்ன சம்பளத்தில் மூன்றரை வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். கிளப்பின் சம்பள அடுக்கு அங்கேயே உடைந்தது. அடுத்து வந்தவர் ஆரன் ராம்சே. கிளப்பில் பத்து வருடம் இருந்தவர், இரண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டிகளில் வெற்றி கோல் அடித்தவர். அவரோடு நடந்த பேச்சு முடியும் தறுவாயில் 2018 இலையுதிர் காலத்தில் ஆர்சனலே சலுகையைத் திரும்பப் பெற்றது. 2019-இல் அவர் இத்தாலியின் யுவென்டஸுக்குச் சும்மா போனார். ஓசிலின் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது ஆர்சனலே அதை முடித்துக்கொண்டு அவரைத் துருக்கிக்கு அனுப்பியது. ஒருவரைத் தாமதமாகப் பேசி இழந்தார்கள், அந்தப் பயத்தில் இன்னொருவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள், அந்தச் சுமையில் மூன்றாவது ஆளை விட்டார்கள். வீரரை இழப்பது மட்டும்தான் நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பயந்துபோய்த் தக்கவைப்பதும் அதே தவறின் இன்னொரு முகம்.

இளம் வீரர்கள் விஷயம் வேறு. 18, 19 வயதில் ஒருவர் கிளப்பை விட்டுப் போவதற்குச் சம்பளத்தைவிடப் பெரிய காரணம் ஆடும் வாய்ப்பு. பால் போக்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-12 சீசனில் மான்செஸ்டர் யுனைடெட்டின் நடுக்களம் காயங்களால் காலியாக இருந்தது. டிசம்பர் 31 அன்று பிளாக்பர்னுக்கு எதிராக, டிஃபெண்டர் ரஃபேலை நடுக்களத்தில் நிறுத்தினார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். அதற்கு அடுத்த மாதம், ஓய்வு பெற்றுவிட்ட பால் ஸ்கோல்ஸைத் திரும்ப அழைத்து வந்தார்கள். இதையெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த பையனிடம் போய், பொறுமையாக இரு, உன் காலம் வரும் என்றால் யார் நம்புவார்கள்? ஏஜென்ட் மீனோ ரையோலாவுக்கும் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கும் சுத்தமாக ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை. 2012-இல் போக்பா யுவென்டஸுக்குப் போனார். யுனைடெட்டுக்குக் கிடைத்தது இளம் வீரருக்கான சிறிய பயிற்சி ஈட்டுத்தொகை மட்டும். நான்கு இத்தாலியப் பட்டங்களுக்குப் பிறகு, 2016-இல் அதே யுனைடெட் 10 கோடியே 50 லட்சம் யூரோ கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. அன்றைய உலகச் சாதனைத் தொகை. கதை அங்கேயும் முடியவில்லை. 2022-இல் ஒப்பந்தம் முடிந்து, மறுபடியும் சும்மா, மறுபடியும் யுவென்டஸுக்கே போனார். ஒரே வீரரை ஒரே கிளப்பிடம் இரண்டு முறை இலவசமாக இழப்பது எவ்வளவு பெரிய கவனக்குறைவு என்று யோசித்துப் பாருங்கள்.

இதே வகையில் என்னை அதிகம் பாதித்தது கிங்ஸ்லி கோமானின் கதை. பாரிஸின் பி.எஸ்.ஜி. கிளப்பின் அகாடமியில், அதாவது இளம் வீரர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவர், 16 வயதிலேயே முதல் அணியில் ஆடியவர். நட்சத்திரங்களை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த அணியில் இந்தப் பையனுக்கு இடம் தெரியவில்லை. 2014-இல் சும்மா யுவென்டஸுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் போனார். 2020 ஆகஸ்ட் 23 அன்று லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. பி.எஸ்.ஜி. வரலாற்றில் முதல்முறையாக அங்கே வந்திருந்தது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அந்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் கோமான். நூற்றுக்கணக்கான கோடிகள் செலவழித்து வந்து சேர்ந்த இடத்தில், தங்கள் கையிலிருந்து இலவசமாகப் போன பையனிடம் தோற்றார்கள்.

வயதானவர்கள் பக்கம் வந்தால், பிரச்சினை பெரும்பாலும் விதியை ஆள் பார்க்காமல் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. முப்பதைத் தாண்டியவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடையாது என்று பல கிளப்புகள் வைத்திருக்கின்றன. மோசமான விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2011-இல் மிலன் அதை ஆந்த்ரேயா பிர்லோவிடம் காட்டியது. பத்து வருடம் ஆடியவர், 32 வயது. வேகத்தை நம்பாமல் பார்வையையும் பாஸையும் நம்பி ஆடுகிறவருக்கு 32 ஒரு வயதே இல்லை. யுவென்டஸ் மூன்று வருடம் தந்தது. முந்தைய சீசனில் ஏழாவது இடத்தில் முடிந்திருந்த அந்த அணி, அவர் வந்த வருடம் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது, அவர் அங்கே ஆடிய நான்கு வருடமும் வென்றது. மிலன் அடுத்த பட்டத்துக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நேர்மையாகச் சொன்னால், அதே விதி வேலை செய்த இடமும் உண்டு. 2021-இல் ரியல் மாட்ரிட் தன் கேப்டன் செர்ஹியோ ராமோஸுக்கு ஒரு வருடம்தான் என்றது. அவருக்கு 35 வயது, இரண்டு வருடம் கேட்டார். கடைசியில் ஒரு வருடத்துக்கே சம்மதித்தபோது, சலுகையின் காலக்கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அப்படி ஒரு கெடு இருந்ததே தனக்குத் தெரியாது என்று விடைபெறும் செய்தியாளர் சந்திப்பில் அவரே சொன்னார். 16 வருடம் ஆடியவரை அனுப்பும் முறை அது இல்லை என்பது என் கருத்து. ஆனால் ஆட்டக் கணக்கில் ரியல் தவறவில்லை. ஏனென்றால் அதே கோடையில் பயர்னின் ஒப்பந்தப் பேச்சு முறிந்ததால் வெளியே வந்த டாவிட் அலாபாவைச் சும்மா எடுத்துவைத்திருந்தார்கள். அடுத்த வருடம் சாம்பியன்ஸ் லீக் வென்றார்கள். ராமோஸ் பாரிஸில் முதல் சீசனின் பெரும்பகுதியைக் காயத்தில் கழித்தார்.

பயர்ன் பெயர் வந்ததால் டோனி க்ரோஸையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கௌரவப் பிரச்சினைக்கு அவரைவிட நல்ல உதாரணம் இல்லை. வீரர்கள் தங்கள் சம்பளத்தை வெளியாளோடு ஒப்பிடுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து உடை மாற்றுகிறவரோடுதான் ஒப்பிடுகிறார்கள். 2013-இல் பயர்ன் மாரியோ கெட்சேயைப் பெரிய சம்பளத்தில் கொண்டுவந்தது. 16 வயதிலேயே கிளப்புக்கு வந்த க்ரோஸ், அதே தட்டில் தன்னையும் வைக்கச் சொன்னார். அந்த அளவுக்கு உயர்ந்த ஆள் இல்லை என்று நிர்வாகம் கருதியது. 2014-இல் ஜெர்மனியோடு உலகக் கோப்பை வென்ற சில நாட்களில், ஒரு வருட ஒப்பந்தம் மிச்சமிருக்க, சுமார் 2 கோடி 50 லட்சம் யூரோவுக்கு ரியல் மாட்ரிட் போனார். அங்கே ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்றார். பயர்ன் அன்று மிச்சப்படுத்தியது சம்பளத்தில் ஒரு பகுதியை. அவர்கள் இழந்தது பத்து வருடத்துக்கான நடுக்களத்தை.

ஒரு தனி வீரரை இழப்பது சறுக்கல். வரிசையாக இழப்பது நோய். அதற்கு ஜெர்மனியின் ஷால்கே கிளப்பைப் பாருங்கள். 2016-இல் யோவெல் மாட்டிப் லிவர்பூலுக்கு, 2017-இல் சியாட் கோலாசினாட்ஸ் ஆர்சனலுக்கு, 2018-இல் லியோன் கோரெட்ஸ்கா பயர்னுக்கு, அதே வருடம் மாக்ஸ் மேயர் கிரிஸ்டல் பேலஸுக்கு, 2020-இல் கோல்கீப்பர் அலெக்சாண்டர் ந்யூபெல் பயர்னுக்கு. ஐந்து பேரும் இலவசம். இவர்களில் பெரும்பாலானவர்கள் ஷால்கேயின் சொந்த அகாடமியில் வளர்ந்தவர்கள். அகாடமி வீரரை விற்றால் வரும் முழுத் தொகையும் லாபக் கணக்கில் போகும், ஏனென்றால் அவரை வாங்கிய செலவு என்று எதுவும் இல்லை. கடன் சுமையில் இருந்த ஒரு கிளப் தன் சொத்தை இப்படி ஐந்து முறை விட்டது. மாட்டிப்பும் கோரெட்ஸ்காவும் போன இடத்தில் சாம்பியன்ஸ் லீக் வென்றார்கள். ஷால்கே 2021-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இறங்கியதற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அந்த ஐந்து பேரில் மூன்று பேரை நல்ல விலைக்கு விற்றிருந்தால்கூட நிலைமை வேறாக இருந்திருக்கும்.

சில சமயம் பேரம் பேச ஆளே இருப்பதில்லை. கேட்க விசித்திரமாக இருக்கும். லிவர்பூலில் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மைக்கேல் எட்வர்ட்ஸ் 2022-இல் போனார். அவருக்குப் பின் வந்த ஜூலியன் வார்டு ஒரே வருடத்தில் போனார். அடுத்து தற்காலிகமாக ஒருவர். 2024 ஜனவரியில் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் விலகல் அறிவிப்பு. இந்தக் குழப்பம் எல்லாம் முடிந்து 2024 கோடையில் புதிய விளையாட்டு இயக்குநர் வந்து உட்கார்ந்தபோது முகமது சலா, வேர்ஜில் வான் டைக், ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் மூவருக்கும் கடைசி வருடம். முப்பதைத் தாண்டிய இருவர் 2025 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார்கள். இருபது வருடம் கிளப்பில் வளர்ந்த, 26 வயது உள்ளூர்ப் பையன் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் ரியல் மாட்ரிட் போனார். கிளப் உலகக் கோப்பையில் ஆடுவதற்காக, ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே விட்டதற்காக மட்டும் ஒரு சிறு தொகை வந்தது. பையனைப் பார்த்துக் கத்திய ரசிகர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் 2023-இல் அவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய நாற்காலியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ரிலீஸ் கிளாஸ் பற்றிச் சுருக்கமாக. குறிப்பிட்ட தொகையை யாராவது கட்டினால் வீரரை விட வேண்டும் என்ற நிபந்தனை அது. ஸ்பெயினில் 1985-இன் விளையாட்டு வீரர் சட்டத்தால் இது கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். தொகையை எழுதும்போது யாராலும் கட்ட முடியாது என்று நினைத்து எழுதுகிறார்கள். 22 கோடியே 20 லட்சம் யூரோவை பார்சிலோனாவும் அப்படித்தான் நினைத்தது. 2017 ஆகஸ்டில் பி.எஸ்.ஜி. கட்டி நெய்மாரைக் கூட்டிப்போனது. வார்த்தையைத் தெளிவில்லாமல் எழுதினால் வேறு சிக்கல். லூயிஸ் சுவாரஸின் ஒப்பந்தத்தில் 4 கோடி பவுண்டுக்கு மேல் என்று ஏதோ இருப்பதாகத் தெரிந்த ஆர்சனல், 2013-இல் சரியாக 4 கோடியே 1 பவுண்ட் என்று விலை கேட்டது. லிவர்பூல் விட மறுத்து, அந்த டிசம்பரில் புதிய ஒப்பந்தம் போட்டு, அடுத்த கோடையில் சுமார் 6 கோடி 50 லட்சம் பவுண்டுக்கு பார்சிலோனாவுக்கு விற்றது. விற்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டு விற்பது எவ்வளவு வித்தியாசம் தரும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

லியோனல் மெஸ்ஸியைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். அது தனி ரகம். 2021 ஜூன் 30 அன்று பார்சிலோனாவோடு ஒப்பந்தம் முடிந்தது, இரு தரப்புக்கும் தொடர விருப்பம், தொகையும் பேசி முடித்தாயிற்று. ஆனால் ஸ்பெயினின் லீக்கான லா லிகாவின் சம்பள வரம்புக்குள் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. முந்தைய ஆண்டுகளில் மற்ற வீரர்களுக்கு வாரிக் கொடுத்த ஒப்பந்தங்கள் அந்த வரம்பை நிரப்பியிருந்தன. ஆகஸ்ட் 8 அன்று அவர் மேடையில் அழுதது அந்தப் பேச்சுவார்த்தையால் இல்லை, அதற்கு முன் நடந்த பல மோசமான பேச்சுவார்த்தைகளால்.

இலவசமாகப் போன ஒவ்வொருவரையும் நிர்வாகத் தோல்வி என்று எழுதிவிடவும் கூடாது. 2013-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப், ராபர்ட் லெவண்டோவ்ஸ்கியை பயர்னுக்கு விற்காமல் கடைசி வருடம் வைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் சும்மா போவார் என்று தெரிந்தே எடுத்த முடிவு. அவர் அந்த வருடம் 20 லீக் கோல் போட்டு முதலிடத்தில் முடித்தார். நான் அங்கே இருந்திருந்தால் விற்றிருப்பேன், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவை மதிக்கிறேன். இன்னும் நல்ல உதாரணம் 2021-இல் மிலன். கோல்கீப்பர் ஜான்லூய்ஜி டோனருமாவுக்காக ஏஜென்ட் கேட்டதைத் தர முடியாது என்று தெரிந்ததும், சலுகையை நிறுத்திவிட்டு பிரான்ஸின் லீல் கிளப்பிலிருந்து மைக் மெஞானை வாங்கினார்கள். டோனருமா பி.எஸ்.ஜி. போனார், அந்தக் கோடையில் யூரோ கோப்பையின் சிறந்த வீரராகவும் ஆனார். அடுத்த வருடம் மிலன் லீக் பட்டம் வென்றது. எவ்வளவு வரை போவோம் என்பதை முன்பே முடிவு செய்து, மாற்று ஆளைத் தயாராக வைத்திருந்தால் இலவசமாக இழப்பதுகூடத் தாங்கக்கூடிய நஷ்டம்தான்.

சரியாகச் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இரண்டு கோடைகள் மிச்சமிருக்கும்போது வீரரை அழைத்து நேராகக் கேட்கிறார்கள். கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் இந்தக் கோடையிலேயே விற்போம். அந்தக் கூட்டத்துக்கு உரிமையாளரோ இயக்குநரோ தானே போகிறார், ஆளை அனுப்புவதில்லை. முதல் சலுகையையே மதிப்பாக வைக்கிறார்கள், ஏனென்றால் மிகக் குறைவாக ஆரம்பித்து மெல்ல ஏறலாம் என்ற சந்தை உத்தி வீரர் மனதில் அவமானமாகப் பதிந்துவிடும். ஒரே கோடையில் மூன்று பெரிய ஒப்பந்தங்கள் முடியாதபடி வருடங்களைப் பிரித்து வைக்கிறார்கள். இன்று சிலர் மிக நீண்ட ஒப்பந்தங்களை நாடுகிறார்கள். செல்சியில் கோல் பாமரின் ஒப்பந்தம் 2033 வரை, மான்செஸ்டர் சிட்டியில் எர்லிங் ஹாலண்டின் ஒப்பந்தம் 2034 வரை. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஆட்டம் குறைந்துபோன வீரருக்கும் அத்தனை வருடம் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதை ஓசில் விஷயத்தில் பார்த்தோம்.

இதில் நான் மிகவும் மதிப்பது அத்லெடிக் பில்பாவ் கிளப்பை. ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் பகுதியைச் சேர்ந்த வீரர்களை மட்டுமே வைத்து ஆடும் அணி, ஆகவே ஒருவர் போனால் பணம் கையில் இருந்தாலும் அவர் இடத்துக்கு ஆள் வாங்குவது கடினம். 2012-இல் ஃபெர்னாண்டோ யொரென்டே புதுப்பிக்க மறுத்தார், ஒரு வருடம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், 2013-இல் சும்மா யுவென்டஸ் போனார். கிளப்புக்குப் பணமும் இல்லை, அந்த வருடம் அவருடைய ஆட்டமும் பெரிதாகக் கிடைக்கவில்லை. 2023-இல் இனியிகோ மார்ட்டினஸ் அதேபோல் பார்சிலோனா போனார். அதே பார்சிலோனா 2024-லும் 2025-லும் நிகோ வில்லியம்ஸைத் தேடி வந்தது. அவருடைய ரிலீஸ் தொகை அப்போது 6 கோடி யூரோவுக்குச் சற்றுக் குறைவு, பெரிய கிளப்புக்கு எட்டாத தொகை இல்லை. பில்பாவ் பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் வீரரோடு உட்கார்ந்தது. 2025 ஜூலையில் அவர் 2035 வரை கையெழுத்துப் போட்டார், ரிலீஸ் தொகையும் 50 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. பழைய ஒப்பந்தம் முடிய அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது.